சேப்பாக்கத்து ஜோசியர்கள்

சென்னையில் ஜோசியர்கள் அதிகமாக இருக்கும் பேட்டை எது என்று யாராவது உங்களைக் கேட்டால், தயங்காமல் சேப்பாக்கம் என்று சொல்லுங்கள். சந்தேகமிருந்தால், உலகக் கோப்பை ஆட்டம் நடக்கும் நாளில் வாலாஜா ரோடில் எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியத்து வாசலில் போய் நின்று பாருங்கள். பஞ்சாங்கம் கிடையாது, சோழி கிடையாது. ஆனால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் பத்து தேசங்களின் ஜாதகம் இருக்கும்! எந்த அணிக்கு அஷ்டமத்துச் சனி, எந்த அணிக்குக் குரு பார்வை என்று கேட்காமலே சொல்லுவார்கள்.

சேப்பாக்கம் போவதற்குச் சுகமான வழி, வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில். ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு பக்கம் மைதானம். இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் கடற்கரை. கீழே பக்கிங்ஹாம் கால்வாய். (அதை ரொம்ப நேரம் நின்று ரசிக்க வேண்டாம், மூக்கு ஒத்துழைக்காது.) மதராஸ் கிரிக்கெட் கிளப் பிறந்தது 1846-ல். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும், அதுவும் இங்கிலாந்தைத் தோற்கடித்துக் கண்டதும், இந்த மைதானத்தில்தான். அதனால் இங்கே வருகிற ரசிகர்களுக்குத் தாங்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று ஒரு மிதப்பு உண்டு. அது நியாயமான மிதப்புதான்.

அவர்கள் ஜோசியம் சொல்லும் முறையைக் கேளுங்கள். முதலில் மண்ணைப் பார்ப்பார்கள். சேப்பாக்கத்து மண்ணில் பந்து நின்று, யோசித்து, பிறகு திரும்பும். ஆகவே, “உங்கள் அணியில் சுழல் பந்துக்காரர்கள் எத்தனை பேர்?” என்பது முதல் கேள்வி. அப்புறம் கடற்காற்று எப்போது கிளம்பும், ராத்திரி பனி விழுமா, பந்து ஈரத்தில் வழுக்குமா என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுவார்கள். கணக்கிலே பிழை கண்டுபிடிக்க முடியாது. விடை மட்டும் சில சமயம் தப்பிப் போகும். அப்படித் தப்பிப் போன கதைகள்தான் சேப்பாக்கத்தின் சொத்து.

எல்லாவற்றிலும் பெரிய கதை 1987-ல் நடந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து உலகக் கோப்பையை நடத்திய வருஷம். 1983-ல் வென்ற கோப்பை இந்தியாவின் கையில் இருந்தது. ஆகவே கல்கத்தாவில் இறுதி ஆட்டம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும்தான் என்று ரசிகர்கள் நிச்சயதார்த்தமே நடத்தி, தாம்பூலமும் மாற்றிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவா? ஆலன் பார்டரின் அந்தப் பையன்களை அன்று யாரும் லட்சியம் செய்யவில்லை.

அக்டோபர் 9-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்த இரண்டு அணிகளும் மோதின. ஆஸ்திரேலியா முதலில் ஆடியது. ஜெஃப் மார்ஷ் 110 ரன். இடையில் டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த பந்து ஒன்று எல்லைக் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று ஒரு சந்தேகம். நடுவர் நாலு ரன் என்று கை காட்டினார். 50 ஓவர் முடிந்தபோது பலகையில் 268. இடைவேளையில் ஆஸ்திரேலியர்கள், அது சிக்ஸர்தான் என்று முறையிட்டார்கள். இந்தியத் தலைவர் கபில் தேவைக் கேட்டார்கள். “சரி, ஆறாகவே இருக்கட்டும்” என்று அவர் ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆயிற்று.

இரண்டு ரன் என்ன பிரமாதம் என்றுதான் அப்போது தோன்றியிருக்கும். உள்ளூர்ப் பிள்ளை ஸ்ரீகாந்த் 70 அடித்தார். ஒரு நாள் ஆட்டத்தில் முதல் முறையாக இறங்கிய சித்து 73. இரண்டு விக்கெட்டுக்கு 207! இனிமேல் வெற்றிக்கு என்ன குறைச்சல் என்று பாயசத்துக்குப் பால் காய்ச்சலாம் என்கிற நிலைமை. அங்கேதான் பிடித்தது ஏழரை. மெக்டெர்மட் நாலு விக்கெட் எடுத்தார். வரிசையாக ஆட்டம் கண்டது. கடைசி ஓவருக்கு ஆறு ரன் வேண்டும். கையில் ஒரே ஒரு விக்கெட். பந்து போட வந்தவர் ஸ்டீவ் வா. எதிரே மணீந்தர் சிங். மட்டை பிடிப்பது அவர் தொழில் அல்ல. இருந்தும் இரண்டு தடவை இரண்டிரண்டாக எடுத்துவிட்டார்! இரண்டு பந்து, இரண்டு ரன். அடுத்த பந்தில் ஸ்டம்ப் சிதறியது. 269. ஒரே ஒரு ரன்னில் தோல்வி.

இந்த இடத்தில் உங்கள் வீட்டிலும் தகராறு கிளம்பும் என்று எனக்குத் தெரியும். “கபில் தேவை யார் தர்மபுத்திரர் வேஷம் போடச் சொன்னார்கள்?” என்று ஒரு கட்சி. திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் இந்தக் கட்சிக்கு ஆள் பலம் அதிகம். என்னைக் கேட்டால், அவர் செய்ததுதான் சரி. சிக்ஸர் சிக்ஸர்தானே? எதிராளி அடித்தால் நாலு, நாம் அடித்தால் ஆறு என்று வைத்துக்கொண்டால் பலகை எதற்கு, எண்கள் எதற்கு? இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். அந்த ஒரு ரன்னால் இந்தியாவுக்கு நஷ்டமே இல்லை. இரண்டு அணிகளும் ஆறில் ஐந்து ஆட்டம் வென்றன. ரன் விகிதக் கணக்கில் இந்தியாதான் பிரிவில் முதலிடம் பிடித்தது. அப்புறம் வந்தது ஜோசியர்களின் உண்மையான சோதனை. லாகூரில் பாகிஸ்தான் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. மறுநாள் பம்பாயில் இந்தியா இங்கிலாந்திடம் தோற்றது. நிச்சயித்த கல்யாணத்தில் பெண்ணும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை! கல்கத்தாவில் ஏழு ரன்னில் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார், யாரும் லட்சியம் செய்யாத அந்த பார்டர்.

பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? 36 வருஷம் கழித்து, 2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதே சேப்பாக்கம், அதே இரண்டு அணிகள், இரண்டு பேருக்கும் அதுவே பந்தயத்தில் முதல் ஆட்டம். ஆஸ்திரேலியா 199-க்குள் சுருண்டது. ஜடேஜா 28 ரன் கொடுத்து மூன்று பேரை அனுப்பினார். மண்ணைப் பார்த்து ஜோசியம் சொன்னவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். இந்தியா ஆட வந்தது. பலகையில் இரண்டு ரன். மூன்று விக்கெட் காலி. மூன்று பேரும் முட்டை! பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்த குடும்பங்கள் டிபன் டப்பாவைத் திறக்கவே மறந்து போயின. கோலி 12 ரன்னில் கொடுத்த காட்சை மிட்செல் மார்ஷ் தவற விட்டார். (1987-ல் சதம் அடித்த மார்ஷின் பிள்ளை இவர். நம் ஊருக்கு அப்பா வைத்த பாக்கியைப் பிள்ளை தீர்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.) கோலி 85, ராகுல் ஆட்டமிழக்காமல் 97. ஆறு விக்கெட்டில் இந்தியா ஜெயித்தது.

அடுத்த ஆட்டத்திலும் ஆஸ்திரேலியா தோற்றதும், “முடிந்தது அவர்கள் கதை” என்று சேப்பாக்கம் தீர்ப்பெழுதிவிட்டது. இந்தியாவோ வரிசையாகப் பத்து ஆட்டங்களை வென்றது. நவம்பர் 19-ஆம் தேதி ஆமதாபாத்தில் கோப்பை யாருக்குப் போயிற்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று சமையலறைக்குப் போன எத்தனையோ பேர் வெகு நேரம் வெளியே வரவில்லை.

இனி ஆப்கானியர் கதை. 2023-க்கு முன்னால் உலகக் கோப்பைகளில் அவர்கள் வென்றது ஒரே ஒரு ஆட்டம். அந்த வருஷம் டில்லியில் இங்கிலாந்தை வென்றார்கள் என்றாலும், மூன்றே நாளில் சேப்பாக்கத்துக்கு வந்து நியூஸிலாந்திடம் 149 ரன்னில் உதை வாங்கினார்கள். ஐந்து நாள் கழித்து அதே மைதானத்தில் பாகிஸ்தானோடு ஆட்டம். அன்றைக்கு ஆயுத பூஜை. வீடுகளில் கொலுப் படிக்குப் பக்கத்தில் கிரிக்கெட் செட் பொம்மைகள் ஆட, டெலிவிஷன் பெட்டிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பாகிஸ்தான் 282. அதுவரை ஒரு நாள் ஆட்டத்தில் ஆப்கானியர் பாகிஸ்தானை ஒரு தடவைகூட வென்றதில்லை. சேப்பாக்கத்தில் இது போதும் என்று எல்லா ஜோசியர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். குர்பாஸ் 65, இப்ராஹிம் ஜத்ரான் 87, ரஹ்மத் ஷா 77. இரண்டே விக்கெட் இழந்து, ஒரு ஓவர் மிச்சம் வைத்து முடித்துவிட்டார்கள்!

ஆட்டம் முடிந்ததும் அந்த வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அவர்களுடைய ஊர் காபூலோ, கந்தஹாரோ. இங்கே அவர்களுக்கு உறவும் இல்லை, ஊர்க்காரரும் அதிகம் இல்லை. ஆனால் கைதட்டல் ஓயவில்லை. சாயங்காலம்வரை அவர்களுக்கு வாய்ப்பே இல்லை என்று சாதித்தவர்கள்தான் எழுந்து நின்று தட்டினார்கள். 1999 ஜனவரியில், டெண்டுல்கரின் 136-ம் வீணாகி, டெஸ்ட் ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் இந்தியா தோற்றபோதும் இதே சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியது. ஜோசியம் பலிக்காத ஆத்திரத்தை இந்த மைதானம் எதிராளியிடம் காட்டிக்கொள்வதில்லை.

பெண்கள் ஆட்டத்துக்கு ஜோசியம் உண்டா என்று கேட்பீர்கள். நியாயமாகப் பார்த்தால் அங்கேதான் முதலில் ஆரம்பித்திருக்க வேண்டும். பெண்கள் உலகக் கோப்பை 1973-லேயே நடந்துவிட்டது. ஆண்களுடையது வந்தது 1975-ல்தான். ஆனால் நம் ஆண் ஜோசியர்கள் அந்தப் பக்கம் வெகு காலம் தலை வைத்துப் படுக்கவில்லை. 2025-ல் ஹர்மன்பிரீத் கௌரின் அணி தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றதும், அவசரமாக வந்து “வாய்ப்பில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அணிதான் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338-ஐத் துரத்திப் பிடித்தது. முதலில் தேர்வே ஆகாமல், இன்னொருவர் காயப்பட்டதால் கடைசியில் சேர்க்கப்பட்ட ஷஃபாலி வர்மா, நவி மும்பை இறுதி ஆட்டத்தில் 87 ரன் அடித்து, இரண்டு விக்கெட்டும் எடுத்தார்.

ஆட்டம் இல்லாத நாளிலும் சேப்பாக்கத்துக்குப் போகலாம். மாலை நாலு மணிக்கு மேல் போங்கள், காற்று கிளம்பியிருக்கும். ஸ்டேடியத்தைச் சுற்றிவிட்டு, திருவல்லிக்கேணி ஹைரோடில் ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் முழுக வைத்துச் சாப்பிடுங்கள். பக்கத்து மேஜையில் காதைக் கொடுங்கள். 2027 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்று தேசங்களில் என்று நிர்ணயமாகியிருக்கிறது, 14 அணிகள். நான் போன அன்று இரண்டு பெரியவர்கள், நமீபியாவின் மண் எப்படி, அங்கே பந்து திரும்புமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் செங்கல்பட்டைத் தாண்டியவர்களாகத் தெரியவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு இந்தத் தடவை வாய்ப்பே இல்லை என்பதில் மட்டும் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.