ரெண்டு வார ஆக்ஸ்போர்டு

ஜமுனாமரத்தூர்ல எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு, பிளஸ் ஒன். ஒரு கோடைப் பள்ளி விளம்பரத்தைக் காட்டி, "அண்ணா, இதுல சேர்ந்தா ஆக்ஸ்போர்டுல சீட் குடுத்துருவாங்களா?"ன்னு கேட்டா. ரெண்டு வாரம்தான், ஆனா கட்டணம் லட்சக்கணக்குல. அவங்கப்பா நிலத்தை அடமானம் வைக்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கார்!

தேடிப் படிச்சதைச் சொல்றேன் மக்களே. லீவுல காலியா கிடக்கிற கல்லூரி அறைகளைத் தனியார் நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து இப்படி வகுப்பு நடத்துறாங்க. கட்டடம் ஆக்ஸ்போர்டு, நடத்துறவங்க வேற. சான்றிதழ் வரும், சீட் வராது. பல்கலைக்கழகமே இலவசமா நடத்துற 'யூனிக்' இருக்கு; அது பிரிட்டன் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு.

அதுக்காக அந்த அனுபவமே வேஸ்ட்னு சொல்லல. வேற வேற நாட்டுப் பசங்களோட தங்கி, சாப்பிட்டு, பேராசிரியர்கிட்ட கேள்வி கேட்டா பயம் போயிடும். 2024 ஜூன்ல 'நான் முதல்வன்' திட்டத்துல 25 கல்லூரி மாணவர்கள் அரசு செலவுல இங்கிலாந்தோட டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரம் போய் வந்தாங்க. போனா அப்படிப் போகணும்.

விடுதி வாழ்க்கை நம்ம மலைப் பசங்களுக்குப் புதுசா என்ன? உண்டு உறைவிடப் பள்ளிக்குச் சின்ன வயசுலயே பெட்டி தூக்கினவங்க. இல்லாதது பாஸ்போர்ட்டும், விவரம் சொல்ல ஓர் ஆளும்தான்.

இதே ஜவ்வாது மலையில காவலூர் வானாய்வு மையம் இருக்கு. 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986லேருந்து. "நிலத்தை வைக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. முதல்ல அங்க போய் விஞ்ஞானிகிட்ட ஒரு கேள்வி கேளு"ன்னேன்.

"தமிழ்ல கேக்கலாமாண்ணா?"

தாராளமா கேளும்மா :-)