ஓரமாக வைத்த ரிசீவர்

செம்புக் கம்பியில் வந்துகொண்டிருந்த வீட்டுப் போன் ஆறு மாதமாக ஊமை. புகார் சொல்லப் போனால், "இனிமே கம்பியெல்லாம் பார்க்கிறதில்லை சார், ஃபைபருக்கு மாறிடுங்க" என்கிறார்கள். சரி என்று மூன்று கம்பெனிகளின் நோட்டீஸை மேஜையில் ஜாதகம் போலப் பரப்பி உட்கார்ந்தேன். மூன்றிலும் காசு நெட்டுக்குத்தான். போன், காய்கறிக்காரர் கடைசியில் பையில் போடுகிற கறிவேப்பிலை. கொசுறு.

செல்போன் எண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு கம்பெனி மாற 2011 முதல் நாடு முழுக்க வழி இருக்கிறது. வீட்டுப் போனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அப்பா வாங்கிய எண் அதோடு போயிற்று.

நான் குடைந்துகொண்டிருந்தது வேறொன்றை. ரிசீவரை எடுத்ததும் கேட்குமே டயல் டோன், அது எங்கிருந்து வருகிறது? பழைய போனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. கூடவே அதே கம்பியில் 48 வோல்ட் மின்சாரமும் வந்தது. அதனால்தான் புயலில் தெருவே இருண்டு கிடந்தாலும் போன் உயிரோடு இருந்தது. புதிய ஏற்பாட்டில், சுவரில் மாட்டுகிற பெட்டியே அந்த 'ங்ங்'கென்ற ஒலியைப் போட்டுக் காட்டுகிறது. கரண்ட் போனால் பெட்டியும் போச்சு, 'ங்ங்'கும் போச்சு.

இதைவிட வேடிக்கை, மௌனத்தின் கதை. இன்டர்நெட் போன் நம் குரலை வினாடிக்கு 8000 தடவை அளந்து, வழக்கமாக வினாடிக்கு ஐம்பது பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. பேசாத நேரத்தில் வெறும் பொட்டலம் எதற்கு என்று, அனுப்புவதை நிறுத்தி வைக்கவும் அதில் ஒரு வசதி உண்டு. ஆனால் சுத்தமான நிசப்தம் காதில் விழுந்தால் மனுஷன், "ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?" என்று பதறிவிடுகிறான். அதனால், கேட்கிறவர் பக்கத்துக் கருவியே மெல்லிய ஓர் இரைச்சலைத் தயாரித்துக் காதில் ஊற்றுகிறது. 2002-இல் இதற்கென்று தனித் தரக்குறிப்பே வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆறுதல் இரைச்சல்' என்ற பொருளில் வருகிறது. எதிர்முனையில் ஆள் மூச்சு விடுவதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் நமக்குத் துணை நம் வீட்டுப் பெட்டிதான்.

எங்கள் அப்பா இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு நாக்பூரில் வேலை. எங்கள் தெருவில் போன் இருந்தது டீச்சர் வீட்டில் மட்டும். தெருவில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையிலும் கடை ரசீதிலும் டீச்சர் வீட்டு எண்ணைத்தான் அச்சடித்திருந்தார்கள், அடுத்த வீட்டுப் போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டு. அந்த இரண்டெழுத்துக்கு இன்றைய பிள்ளைகளிடம் அர்த்தம் கேட்டால் ரத்த அழுத்தம் என்பார்கள். டீச்சருக்கு அது வந்திருந்தாலும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவார். டீச்சர், "இருங்க, கூப்பிடச் சொல்றேன்" என்று ரிசீவரைப் போன் பக்கத்தில் மல்லாத்தி வைத்துவிட்டுப் பையனை விரட்டுவார். நாலு வீடு தாண்டி அவன் ஓடிவந்து கத்த, அம்மா அடுப்பை அணைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சேர நாலு நிமிஷமாவது ஆகும். அங்கே பூத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். "வெச்சுட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டா என்ன? காசு கொட்டியா கிடக்கு?" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் சண்டை போடுவாள். செலவில் கறாரான மனுஷர், இந்த ஒன்றில் மட்டும் திருந்தவே இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்து பல வருஷம் கழித்து ஒருநாள் சொன்னார். அந்த நாலு நிமிஷமும் டீச்சர் வீடு அவர் காதில் இருந்ததாம். குக்கர் விசில், ரேடியோ, வாசலில் கீரை விற்கிறவள், "அந்த ஃபேனை யாருடா போட்டது?" என்ற அதட்டல். யாரும் அவரிடம் பேசவில்லை. "நம்ம தெருவுல உட்கார்ந்த மாதிரி இருக்கும்" என்றார். அம்மா வந்து பேசியதில் பாதி, பால் கணக்கும் ஸ்கூல் ஃபீஸும்தான்.

எந்தக் கம்பெனி என்பதை எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து முடிவுசெய்தேன். அவர் வைத்திருப்பதே எனக்கும். கெட்டுப்போனால் சேர்ந்து திட்டலாம்.

நேற்று ஒரு பையன் வந்து பெட்டியை மாட்டினான். வாசலில் நின்று தன் செல்லிலிருந்து கூப்பிட்டான். எடுத்தேன்.

"பேசுங்க சார்."

"நீங்க பேசாம இருங்க தம்பி, கொஞ்ச நேரம்."

ஒன்றும் புரியாமல் நின்றான். எதிர்வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. என் இடது காதில் அது நன்றாகக் கேட்டது. வலது காதில், அந்த மிக்ஸிக்கு என்னைவிடப் பக்கத்தில் நிற்கிறவனிடமிருந்து, மெலிதாக 'ஸ்ஸ்' என்று மட்டும்.

"கிளியரா இருக்கா சார்?"

"ரொம்ப" என்றேன்.