மயிலை மட்டும் எடுத்தா போதுமா?

காட்டு மிருகங்களைப் பத்தின படம்னா எனக்கு ரொம்ப இஷ்டம். அதை எடுக்கிறவங்க பொறுமை மேல மரியாதையும் உண்டு. சினிமாவில் நடிகர் சொன்ன நேரத்துக்கு வந்துருவார். யானை வராது. காத்துக் கிடக்கணும்.

'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' படம் 40 நிமிஷம்தான் ஓடும். அதுக்கு நீலகிரியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் அஞ்சு வருஷம் உழைச்சிருக்காங்க. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதி ரகுங்கிற குட்டி யானையை வளர்த்த கதை. 2023 மார்ச்சில் ஆஸ்கார் கிடைச்சது. எல்லாரும் அந்தப் பாசத்தைத்தான் பேசினாங்க. எனக்கு மனசுல நின்னது வேற. ரகுவோட தாய் செத்தது கரன்ட் அடிச்சு. காடு காய்ஞ்சு, தீனியும் தண்ணியும் தேடி ஊர்ப் பக்கம் வந்த யானைக் கூட்டம் அது.

பன்னிக்குப் பயந்து கம்பியில கள்ளத்தனமா கரன்ட் விடுறது பல ஊர்ல நடக்குது. யானையும் சாகுது, மனுசனும் சாகுறான். அது தப்பு, சட்டப்படி குத்தம். ஆனா ஒருத்தன் அந்த அளவுக்கு ஏன் போறான்னு எந்தப் படமாவது நின்னு கேட்டா நல்லா இருக்கும்.

படத்தால என்ன ஆகும்னு சிலர் கேப்பாங்க. சென்னை சேகர் தத்தாத்ரி சின்ன வயசிலேயே பாம்புப் பண்ணையில் தன்னார்வலராப் போய்ச் சேர்ந்தவர். அமைதிப் பள்ளத்தாக்கு பத்தி அழகான படம் எடுத்தவர். அவர் 2001-ல் கர்நாடகா குதிரேமுக் இரும்புச் சுரங்கம் பத்தி ஒரு குறும்படம் எடுத்தார், 12 நிமிஷம்தான். அந்தச் சுரங்க மண்ணு பத்ரா ஆத்துல இறங்கிட்டு இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. 2002-ல் தீர்ப்பு வந்தது, 2005 கடைசியில் சுரங்கம் நின்னுது. படம் மட்டுமே நிறுத்திச்சுன்னு சொல்லல. வழக்குப் போட்டவங்க உழைப்பு பெருசு. ஆனா காட்டையே பாக்காதவங்களுக்கு அந்தப் படம் கண்ணு குடுத்துச்சு.

அந்தக் கண்ணு எங்க வயலுக்கும் வேணும்னுதான் கேக்கேன். மயில் தோகை விரிக்கிறதை எடுக்காத ஆள் இல்ல. அதே மயிலு கூட்டமா இறங்கி உளுந்தங்காயைக் கொத்திட்டுப் போறதை எடுத்தவங்க எத்தனை பேரு? மயில் தேசியப் பறவை. 1972 சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கு. தொடக் கூடாது, நாங்களும் தொடல. அதைக் காப்பாத்துற செலவில் ஒரு பங்கு எங்க வயல்ல இருந்துதான் போகுது. அதையும் காட்டுங்கன்னுதான் சொல்றேன்.

விவசாயியை வில்லனாவும் காட்ட வேண்டாம், தியாகியாவும் காட்ட வேண்டாம். மயிலையும் பன்னியையும் உளுந்தையும் ஒரே படத்துல வைங்க, போதும். பாக்கிறவங்க முடிவு பண்ணட்டும்.

மாசி, பங்குனியில ஆமை முட்டை போடுறதை எடுக்க நம்ம கடற்கரைப் பக்கம் வர்றவங்க, அப்படியே வயக்காட்டுக்கும் வாங்க. நெல் அறுத்த வயல்ல அப்போ உளுந்து நிக்கும். விடியக் காலையில வரணும், மயிலு நேரத்துக்கு வந்துரும்.