டொம்போஸில் 14 டிகிரி குளிர்

ஆஸ்லோவிலிருந்து ட்ரொன்ஹெய்முக்கு ஈ6 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஒரு பிப்ரவரியில் அந்தச் சாலையில் இரண்டு கார்களில் போனோம். ஒன்று நண்பனின் போர்ஷே டைக்கான் 4எஸ், மற்றது அவன் அக்காவின் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட். இரண்டிலும் ஒரே நாளில், ஒரே குளிரில் பயணம் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்படிப்பட்ட கார்கள் நார்வேயில் நடுத்தரக் குடும்பங்களின் வாசலில்கூட நிற்கின்றன. மின்காருக்கு 2001 முதல் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி இல்லாமல் இருந்தது. 2023-இல்தான் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு வரி வந்தது. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார். நண்பன் வாங்கியது பழைய வண்டி. விலை சரிந்ததில் புதிதாக வாங்கியவருக்குப் பெரும் இழப்பு, இவனுக்கு அதுவே வாய்ப்பு.

லில்லஹாமர் வரை அக்காவின் காரில் போனேன். மூன்று மோட்டார், 1020 குதிரைத்திறன். "தலையை நல்லா சாய்ச்சுக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு, நெடுஞ்சாலையில் சேரும் கிளைச் சாலையில் ஒருமுறை மிதித்தார். ஓசை எதுவும் இல்லை. வயிறு மட்டும் பின்தங்கிவிட்டது. நிற்கும் நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட இரண்டு விநாடி சொச்சம் என்பது கம்பெனிக் கணக்கு. ஆனால் நார்வேயில் அதிகபட்ச வேகமே 110. ஈ6-இன் பெரும்பகுதியில் 80-தான். அன்று முழுக்க அந்தச் சக்திக்குக் கிடைத்த வேலை அந்தச் சில நொடிகள் மட்டுமே.

லில்லஹாமரில் காபி குடிக்கிற நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் போட நினைத்தோம். முதல் மெஷின் கார்டை ஏற்கவில்லை. விரல் விறைக்க நாலு முறை முயன்று பக்கத்து மெஷினுக்கு நகர்ந்தோம். அங்கிருந்து நண்பனின் காரில் ஏறிக்கொண்டேன். தரையோடு தரையாக உட்கார வைக்கிற இருக்கை. பேட்டரியிலேயே பின்னிருக்கைக்காரர் கால் வைக்கக் குழி விட்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் நானே ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தேன், அடியில் கிடந்த பனியின் பதம் விரலுக்குத் தெரிந்தது.

இந்தக் கார்களின் உண்மையான தரம் எனக்குப் புரிந்தது வழியிலுள்ள டொம்போஸில், இரண்டும் நின்றுகொண்டிருந்தபோது. மைனஸ் 14 டிகிரி. நண்பனின் காரில் 12 சதவீதம் மிச்சம். சார்ஜ் துவாரத்தைச் சுற்றி உறைந்திருந்த பனியை அவன் கையுறையால் தட்டி, பிறகு வாயால் ஊதினான். கேபிளோ முறுக்கேறிய தாம்புக் கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு வளைய மறுத்தது. இரண்டு கையாலும் தூக்கிச் செருகினான். கேபிளுக்குள் ஓடும் குளிர்விப்புத் திரவத்தின் மெல்லிய இரைச்சல் கேட்டது. திரையில் எண் 40, 110 என்று ஏறி 250 கிலோவாட்டைத் தாண்டியது.

டைக்கான் 2019-இல் வந்தபோது 800 வோல்ட்டில் ஓடியது. மற்ற மின்கார்கள் பெரும்பாலும் 400 வோல்ட் அளவில் இருந்தன. மின்னழுத்தம் இரட்டித்தால் அதே மின்சக்திக்குப் பாதி மின்னோட்டம் போதும். அதே கம்பியில் சூடு நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் பேட்டரி பாதி நிரம்பும்வரை சார்ஜ் ஏறும் வேகம் பெரிதாக இறங்கவில்லை. 80 சதவீதத்துக்கு 24 நிமிடம். கூப்பிடு தூரத்தில் அக்காவின் காரும் 250 வரை போனது, சீக்கிரமே இறங்கத் தொடங்கியது. பத்து நிமிடம் கூடுதல். இரண்டு கார்களும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டு வந்திருந்தன. குளிர்ந்த பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் மெதுவாகத்தான் நகரும். சூடாக்காமல் வந்திருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். குதிரைத்திறனை விட்டுவிட்டு இதைத்தான் நான் முதலில் கேட்பேன்: பனியில், பேட்டரி காலியாகும் தறுவாயில், இந்தக் கார் என்னை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கும்?

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "பத்து நிமிஷம் போனா போகட்டும். டெஸ்லாவுக்கு எங்கே போனாலும் ஒரே மாதிரி மெஷின், செருகினா போதும், கார்டே வேண்டாம்" என்றார். லில்லஹாமர் அனுபவத்துக்குப் பின் அதை மறுக்க என்னால் முடியவில்லை. இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் பேசுவது வேறு கணக்கு. ஏறக்குறைய இரண்டே கால் டன் எடையும் இழுவிசையும் சேர்ந்து டயரைத் தின்றுவிடுகின்றன. கோடைக்கு ஒரு செட், குளிருக்கு ஒரு செட். பயன்படாத செட்டை வைத்துக்கொள்ள 'டெக்ஹோட்டெல்' என்றே கடைகள் உண்டு, டயருக்கான விடுதி. பேட்டரிக்கு இரண்டு கம்பெனிகளும் 8 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. டெஸ்லாவுக்கு 2,40,000 கிலோமீட்டர் வரை, போர்ஷேக்கு 1,60,000.

ஈ6 அதிக உயரம் தொடும் இடம் டோவ்ரேஃபியெல், 1026 மீட்டர். அங்கிருந்து ஒப்டால் நோக்கி இறங்கும்போது முன்னால் அக்கா. டெஸ்லாவில் மிதியிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பின்னிழுத்து மின்சாரம் சேர்க்கும். பிரேக் மிதி தட்டுகளை மட்டும் பிடிக்கும். டைக்கானில் காலை எடுத்தால் கார் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரேக்கைத் தொட்டால்தான் முதலில் மோட்டார், பிறகு தட்டு. நண்பனின் கால் அந்தப் பிரேக்கின் மேல் இறகு மாதிரி கிடந்தது. எங்கே மோட்டார் விட்டது, எங்கே தட்டு பிடித்தது என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வளைவில்கூடப் பிடிபடவில்லை. பேட்டரி 61 சதவீதம் காட்டியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், 61. கீழே ஒப்டாலின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோதும் 61.