நுங்கு வண்டி

சித்திரை பிறந்து பத்து நாள்கள் கழிந்திருந்தன. உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர் அது. அங்கே காலை பத்து மணிக்கே செம்மணல் கால் வைக்க முடியாதபடி காய்ந்துவிடும். பனைகள் மட்டும் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை. மற்ற மரங்கள் வாடி நிற்கும் காலத்தில்தான் அவை பதநீரும் நுங்கும் தருகின்றன. அவ்வூரின் ஒரு வீட்டிற்கு, அபுதாபியில் கட்டட வேலை செய்யும் மகன் இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் விடுப்பில் வந்திருந்தான். 45 நாள் விடுப்பு.

வாசலில் வந்து இறங்கியவனைப் பார்த்து, மூன்று வயது நிரம்பாத அவன் மகன் ஆச்சியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். “மாமாவுக்கு வணக்கம் சொல்லு” என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளையாகவே அவனை ‘மாமா’ என்று அழைத்தது. “அப்பா எங்கய்யா?” என்று ஆச்சி கேட்டபோது, பிள்ளை அலமாரியின் மேலிருந்த கைப்பேசியைக் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பின்பு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினான்.

பிரிவைப் பேசும் பாலைத் திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த பொழுதுகளுள் முதன்மையானவை வேனிலும் நண்பகலும். பொருள் தேடப் புறப்படும் தலைவன், தலைவியின் வாட்டம் கண்டு பயணத்தைச் சற்றே தள்ளிவைப்பதும் உண்டு. அதற்குச் ‘செலவழுங்கல்’ என்று பெயர். போகாமலே நின்றுவிடுவதன்று அது. அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்கான தாமதம் மட்டுமே. இன்றைய தலைவனுக்கு அந்த வசதி குறைவு. விமானச் சீட்டில் நாள் அச்சாகியிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். பணத்திற்காகத்தான் அவன் போவதே.

ஆகவே அவர்கள் பிரிவைப் பற்றிப் பேசவில்லை. வேலைகளைச் செய்தார்கள். விடிவதற்கு முன்பே அவன் தந்தையுடன் விடிலிக்குப் போனான். தந்தைக்கு இப்போது மரம் ஏற முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி, கலயங்களை இறக்குகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால்தான் பதநீர் புளிக்காமல் இருக்கும். அந்தத் தடவலின் அளவில் தந்தை இன்னும் எவரையும் நம்புவதில்லை. பதநீரைக் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றும்வரை அவர் அடுப்பைவிட்டு அகலமாட்டார். மகனுக்கு மரம் ஏறக் கற்றுத் தராதவரும் அவரே. இந்த வேலை தம்மோடு போகட்டும் என்று அன்று எண்ணினார். இப்போது அதைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்பதை அவர் சொல்வதில்லை. அடுப்பில் ஓலையைத் தள்ளிக்கொண்டே, “அங்க வெயில் எப்படி?” என்று மட்டும் கேட்டார்.

“ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூணு மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுய்யா. சட்டமே இருக்கு.”

“சட்டம் போடுற அளவுக்கா?” என்றார் தந்தை. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அவன் மனைவி காலையில் மொட்டைமாடியில் வடகம் பிழிந்தாள். மொட்டைமாடி என்பது பாதி கட்டிய தளம். மேல்தளத்திற்கான கம்பிகள் துருவேறி நின்றன. அவற்றில் கயிறு கட்டித் துணி உலர்த்தினாள். அந்தக் கம்பிகளின்மேல் தளம் எழும்பத்தான் இன்னும் இரண்டு ஆண்டுகள். காகம் விரட்ட அவன் அமர்ந்திருப்பான். அவள் தரும் பிழிந்த மாவின் மிச்சத்தை இருவரும் தின்பார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கென்று கிடைத்தது. அப்போதுகூடப் பேச்சு மாவின் பக்குவத்தைப் பற்றியே இருந்தது.

பிள்ளையை அவனிடம் சேர்த்தது நுங்குதான். ஒருநாள் நண்பகலில் அவன் நுங்கைச் சீவி, மூன்று கண்களையும் பெருவிரலால் நோண்டி ஊட்டினான். நீர் சட்டையெல்லாம் வழிந்தது. மிஞ்சிய இரண்டு கோந்தைகளை ஒரு குச்சியால் இணைத்து, நடுவே நீண்ட கவட்டைக் கம்பைப் பொருத்தி வண்டி செய்து கொடுத்தான். பிள்ளை அதை உருட்டிக்கொண்டு தெருமுனைவரை ஓடித் திரும்பி வந்து, “அப்பா, இன்னொண்ணு” என்றது. வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்தினால் மறந்துவிடுமோ என்ற அச்சம்போலும். அன்றுமுதல் பிள்ளைக்கு உறக்கம் அவன் மார்பின்மேல்தான்.

வைகாசியின் கடைசி வாரம் பெட்டி கட்டினார்கள். 30 கிலோவுக்குமேல் கூடாது. ஆச்சி ஓலைப் பெட்டியில் கருப்பட்டியை அடுக்கினாள். வடகமும் ஊறுகாயும் சேர்ந்தன. எடை கூடியது. அவன் கருப்பட்டியில் கை வைக்கவில்லை. நான்கு சட்டைகளை எடுத்து வெளியே வைத்தான்.

திருவனந்தபுரத்தில் அதிகாலை விமானம். வண்டி இரவு ஒன்பதரைக்கு வந்தது. பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது.

“எழுப்பாதம்மா, அழுவான்” என்றாள் ஆச்சி. அவனும் அதையே சொன்னான். போனமுறை பிள்ளை மூன்று மாதக் கைக்குழந்தை. தொட்டிலை ஆட்டிவிட்டுப் போனான்.

இந்த 45 நாள்களில் முதன்முறையாக அவள் மறுத்துப் பேசினாள். “எழுப்புறேன் அத்தை. அழட்டும். காலையில எழுந்து அப்பாவத் தேடுனா நான் அந்தப் போனைக் காட்ட மாட்டேன்.”

எழுப்பினாள். பிள்ளை விழித்து, பெட்டியைப் பார்த்து, அவனைப் பார்த்து, எல்லாம் புரிந்ததுபோல் அழுதது. அவன் சற்று நேரம் தூக்கி வைத்திருந்தான். ஓட்டுநர் இருமுறை ஒலி எழுப்பியபின் அவளிடம் கொடுத்தான். “ஏங்க, போய்ச் சேர்ந்ததும் பேசுங்க” என்றாள் அவள். வண்டியின் சிவப்பு விளக்கு தேரிச் சாலையில் மறைந்த பிறகும் பிள்ளையின் அழுகை ஓயவில்லை.

மூன்றாம் நாள் நுங்கு வண்டியின் சக்கரங்கள் கறுத்துச் சுருங்கிவிட்டன. தாத்தா புதிதாக இரண்டு கோந்தைகளை எடுத்து, பழைய கம்பிலேயே பொருத்திக் கொடுத்தார்.