தப்பும் பெயரும்

வலப்பனைத் தோட்டமொன்றிலே நெடுங்காலம் தப்படித்தவர் என் தாத்தா. மழைக்காலத்தில் ஈரமேறித் தோல் தொய்ந்துவிடும். ஆதலால் அடிக்குமுன் தீமூட்டிக் காய்ச்சுவார். காய்ந்த பதத்தைத் தட்டிக் கேட்டே அறிவார். வலக்கையிற் பருத்த குறுங்குச்சி. இடக்கையில் மெல்லிய நீள்குச்சி. விடியற்காலைப் பிரட்டுக்கு ஓரடி, சாவுக்கு ஓரடி, காமன் கூத்துக்கு வேறோரடி. ஒன்றையே இரவெல்லாம் அடித்தாலும் தோல் ஆற ஆற ஒலி தாழும். குச்சி விழுமிடம் சற்றே நகரும். கேட்போரைக் கட்டிவைப்பது அச்சிறு திரிபே எனலாம்.

'மினிமல் டெக்னோ' என்னும் இயந்திரத் தாள இசையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. டெட்ரொயிட் நகரத்து ரொபர்ட் ஹூட் 1994இல் வெளியிட்ட 'மினிமல் நேஷன்' இசைத்தட்டிலும் சில ஒலிகளே மீண்டும் மீண்டும் வந்து, மெல்ல மெல்ல மாறுகின்றன. ஆனால் அதற்கு ஆசிரியர் உண்டு, பெயரும் உண்டு.

சென்ற ஆண்டு தாத்தாவின் அடியைக் கைப்பேசியிற் பதிந்து, கணினியில் வெட்டி ஒட்டி, 'இசை' என்று என் பெயரை இட்டேன். அவருக்கும் போட்டுக் காட்டினேன்.

"இது எங்கப்பன் அடிச்ச அடிடா. தோலு இன்னும் கொஞ்சம் காஞ்சிருக்கணும்" என்றார்.

"உங்க பேரப் போடவா தாத்தா?"

"வேணாம்."

தப்புக்காரன் என்று சொல்லியே தோட்டம் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அவ்வொலியோடு தம் பெயர் சேர்வதை அவர் விரும்பாமைக்கு அடக்கந்தான் காரணமென்று நான் நம்பவில்லை. என் பெயரை அழித்துவிட்டேன். அவ்விடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.