குட்டையைத் தூர்க்க நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். சிங்கப்பூர், துபாய், திருப்பூர், சென்னை என்று எங்கெங்கோ இருக்கும் என் பிள்ளைகள், "டீச்சர், வேதாரண்யம் பக்கம் புயல் வருதாமே, பத்திரமா இருங்க" என்பார்கள். இப்படி விசாரிக்க ஆள் இருப்பது பெரிய பாக்கியம். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எல்லாரும் புயலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "கிணத்துத் தண்ணி எப்படி இருக்கு டீச்சர்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இன்று அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் பூர்வீகக் குட்டையைத் தூர்த்து, மனை போட்டு விற்கலாம் என்று தம்பிகள் முடிவு செய்திருக்கிறார்கள். நான்கு கையெழுத்து வேண்டும். மூன்று விழுந்துவிட்டது. என்னுடையது மட்டும் பாக்கி. "அக்காவுக்கு வயசாயிடுச்சு, பிடிவாதம் பிடிக்குது" என்று சொந்தத்துக்குள் பேச்சு. என் பக்கத்துக் காரணத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

நம் கடற்கரையில் அடி வாங்காத தலைமுறையே கிடையாது. 1952 நாகப்பட்டினம் புயலைச் சொல்லிச் சொல்லித்தான் அம்மா எங்களுக்குச் சோறு ஊட்டினார்கள். 1955-ல் ராஜாமடம் பக்கம் கடல் ஊருக்குள் மைல் கணக்கில் வந்தது. 1964-ல் தனுஷ்கோடி போனது. 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகைக்குத் தெற்கே புயல் கரை கடந்தபோது நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. ரேடியோ சொன்னதுதான் எச்சரிக்கை. கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து இன்னொரு புயல் ஆந்திராவின் திவிசீமாவைத் துடைத்துப்போட்டது.

2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. அப்போது எனக்கு நாகைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6 மணி 29 நிமிடம். அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஓடித் தப்பிக்க அது தாராளமான நேரம். ஆனால் "ஓடுங்கள்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்தேன். சில பெயர்களைக் கூப்பிடாமல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அன்று அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நாம் கற்றுக்கொண்டோம், அதையும் சொல்ல வேண்டும். 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலுக்கடியில் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் சில நிமிடங்களில் தகவல் வந்துவிடும். கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அதற்கு முன்பே எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அப்படியும் உயிர்ச்சேதம் இருந்தது. ஆனால் பழைய கணக்கோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரியும். தென்னையும் மாவும் லட்சக்கணக்கில் சாய்ந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு முறிந்து கிடந்தது. மரத்தைத் திரும்ப நடலாம். நட்டோம். நட்ட கன்றுகளுக்கு ஊற்றும் தண்ணீரில்தான் இப்போது கதை இருக்கிறது.

புயலுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், டிவியில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவார்கள். உப்புக்கு இதில் ஒன்றும் கிடையாது. அது மண்ணுக்கு அடியில் சத்தமில்லாமல் வருகிறது.

அறிவியல் பாடம் எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் நிற்கின்றன. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல், தண்ணீர்மேல் எண்ணெய் நிற்பதுபோல மிதக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம் கூடுதல். அந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு கணக்கு வருகிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் நிற்கும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஒரே ஒரு அடி நிரந்தரமாகக் குறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி மேலே ஏறக் கிளம்பும். ஒரே நாளில் ஏறாது. வருஷக்கணக்காக ஏறும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. முதலில் சித்திரை, வைகாசியில் மட்டும் தண்ணீர் லேசாகக் கரிக்கும். பிறகு மாசியிலேயே கரிக்கும். பிறகு மழைக்காலத்திலும் கரிக்கும். எங்கள் கிணறு இப்போது இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது. அப்பா இருந்தவரை இந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பருப்பு வேகும். இப்போது பருப்புக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்துவைக்கிறேன்.

உப்பு மேலிருந்தும் வருகிறது. சுனாமியின்போது கடல் ஏறிய வயல்களில் மண் வெளுத்துப்போனது நினைவிருக்கும். ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, நல்ல மழையில் கழுவிவிட்ட பிறகுதான் அந்த நிலங்கள் பழையபடி விளைந்தன. கழுவிவிட நல்ல தண்ணீர் இருந்தது, அதனால் முடிந்தது. கடலின் மட்டமோ உலகம் முழுக்க உயர்ந்துகொண்டு வருகிறது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலால் உண்டான மண் நம்முடையது. மேலே அணைகள் வந்த பிறகு அந்த வண்டல் அணைகளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கரைக்கு வரவேண்டிய மண் வரவில்லை, வரக்கூடாத கடல் வருகிறது. தரங்கம்பாடியில் 1306-ல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போனதைச் சுற்றுலா போன பிள்ளைகள் பார்த்திருக்கிறீர்கள்.

அடுத்தது மழை. 2008-ல் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டியது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். தமிழ்நாட்டுக்கு வருஷம் முழுவதற்கும் சராசரி தொண்ணூறு சொச்சம்தான். நம்முடையது கடைமடை. நிலம் தாம்பாளம் மாதிரி தட்டை. மேலேயிருந்து வரும் அத்தனை தண்ணீரும் நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் பொங்கி நிற்கும் நாளில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அந்த இரண்டு மூன்று நாள் தண்ணீர் எங்கே நிற்கும்? குட்டையில் நிற்கும். குட்டை இல்லாவிட்டால் உங்கள் கூடத்தில் நிற்கும்.

இப்போது தம்பிகளுக்கு வருகிறேன்.

அந்தக் குட்டை சும்மா கிடக்கிறது என்கிறீர்கள். அது இரண்டு வேலை பார்க்கிறது. கார்த்திகையில் தெருத் தண்ணீரை வாங்கி வைக்கிறது. பிறகு தை, மாசி வரை அந்தத் தண்ணீரை மணலுக்குள் இறக்கி, அடியில் ஏறிவரும் உப்பின் தலையில் பாரம் வைக்கிறது. சம்பளம் கேட்காத வேலைக்காரன். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நம் தெருவில் பதினோரு குட்டை இருந்தது. பெரியவன் எண்ணிச் சொல்வான், எல்லாவற்றிலும் அவன் குளித்திருக்கிறான். இன்று மூன்று இருக்கிறது. தெருக்கோடி வீடுகளில் கஜாவுக்கு முன்பே கிணறு கரித்துவிட்டது. அது எந்தப் பக்கம் என்று நினைத்துப் பாருங்கள். குட்டைகளை முதலில் தூர்த்த பக்கம்.

"ஒரு குட்டை கடலைத் தடுத்துடுமா அக்கா?" என்று நடுத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. தடுக்காது. சுனாமியை இந்தக் குட்டை நிறுத்தாது, புயலையும் நிறுத்தாது. கடல்மட்டம் உயர்வதை இந்த ஊரில் இருந்துகொண்டு நாம் ஒன்றும் செய்ய முடியாது. அதெல்லாம் நம் கையில் இல்லாதவை. நம் கொல்லைக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர் இன்னும் பத்து வருஷம் தாங்குமா, முப்பது வருஷம் தாங்குமா என்பதில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது. நான் பேசுவது அந்த ஒரு பங்கைப் பற்றித்தான்.

"கேன் தண்ணி வாங்கிக்கலாம்" என்றும் சொன்னீர்கள். குடிக்கக் கேன் வாங்கலாம். தென்னைக்கும் முல்லைக்கும் மாட்டுக்கும் கேன் வாங்க முடியுமா? உப்பு ஏறிய மண்ணில் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், தூண் வெடிக்கும். அந்த மனையை வாங்கி வீடு கட்டப் போகிறவர்களும் என்னிடம் படித்த பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்கள் முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டும்.

சின்னவன் வீட்டில் பெண் கல்யாணம் நெருங்குகிறது. பணம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் இப்படிச் செய்யலாம். பாகம் பிரிக்கும்போது ரோட்டோரத்து மேட்டு நிலத்தை நீங்கள் மூன்று பேரும் எடுத்துக்கொள்ளுங்கள். விலை போகிற இடம் அதுதான். என் பங்காகக் குட்டையையும் அதைச் சுற்றியுள்ள கரையையும் எழுதிவையுங்கள். கணக்குப் பார்த்தால் எனக்குக் குறைவுதான், பரவாயில்லை. பென்ஷன் வருகிறது. அந்தப் பத்திரத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக, என் மாணவப் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

ஊரில் மனை வாங்கப் பணம் அனுப்புகிறீர்கள். சந்தோஷம். வாங்குவதற்கு முன் அந்தத் தெருவில் வயதான ஒருவரிடம், "கஜாவுக்கும் நிஷாவுக்கும் இங்கே தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லமாட்டார், பாட்டி சொல்வார். செம்மண் கொட்டி மேடாக்கிய இடமென்றால் அது முன்பு என்னவாக இருந்தது என்று விசாரியுங்கள்.

சித்திரை மாதத்தில் லீவுக்கு வரும்போது பக்கத்துக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான்.

கடலோரத்து மணல்மேட்டை வெட்டி வீட்டுக்கு நிரப்பாதீர்கள். சுனாமியில் மணல்மேடு உயரமாக நின்ற இடங்களில் சேதம் குறைவாக இருந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். நல்ல தண்ணீர் சேர்ந்து நிற்பதும் அந்த மணலுக்குள்தான்.

ஊரில் அப்பா அம்மா தனியாக இருந்தால், புயல் முகாமுக்குப் போகச் சொன்னவுடன் கிளம்பச் சொல்லுங்கள். "மாட்டை விட்டுட்டு எப்படி வர்றது" என்பார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். நில ஆவணம், மாத்திரை, டார்ச் இந்த மூன்றையும் ஒரு பையில் இப்போதே போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க் கிணறு எப்போதிலிருந்து கரிக்கத் தொடங்கியது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஊர்ப் பெயர், வருஷம், எத்தனை அடி ஆழம் என்று மூன்று விவரம் போதும். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். இருபத்திரண்டு கிணறு சேர்ந்திருக்கிறது. நூறு சேர்ந்ததும் ஊராட்சியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மழைக்காலம் எல்லாருக்கும் நல்லபடியாகக் கழியட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்